திமிலன் ஓங்கிய கை

இதை எந்த வரிசையில் சொல்வது என்பதில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. நல்லபெருமாள் ஒரு வரிசையில் சொன்னான். உலகம்மை சொன்னபோது அதே சம்பவங்கள் வேறு வரிசையில் நின்றன. இருவரும் பொய் சொல்கிறவர்கள் அல்ல. கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டதால் என் ஞாபகமும் தன் பங்குக்குச் சிலவற்றை இடம் மாற்றி வைத்திருக்கலாம். ஆகவே பெருமாள் பக்கம் நின்றே சொல்லிப் பார்க்கிறேன். அவன் வேகமானவன். வேகமானவன் எதைத் தவறவிட்டான் என்பது அவன் பக்கத்தில் நின்றால்தான் தெரியும்.

தூத்துக்குடியில் கடல் உள்ளே ஏறி உப்பளங்களில் பாதியை விழுங்கிவிட்ட பிறகு, காலியாகக் கிடந்த உப்புக் கிடங்கு ஒன்றை ஜோவாக்கிம் அண்ணாச்சி வாங்கி மோதுகளம் அரங்காக மாற்றினார். மோதுகளம் என்பது இருவர் மோதும் வீடியோ கேம்தான். பழைய கேம்களில் விரல் மட்டும் வேலை செய்யும். இதில் பிடரியில் ஒரு பட்டை கட்டுவார்கள். எந்தப் பாத்திரத்தை ஆடுகிறோமோ அதன் நடைக்கு அந்தப் பட்டை நம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். வேகமான பாத்திரத்தை எடுத்தவனுக்கு உலகம் மெதுவாகிவிடும். எதிராளியின் கை கிளம்புவதைச் சாவகாசமாகப் பார்த்து விலகலாம். மெதுவான பாத்திரத்தை எடுத்தவருக்கோ உலகம் கண்முன்னே விர்ரென்று ஓடும். அதனால் மெதுவான பாத்திரங்களை யாரும் சீண்டுவதில்லை.

அவற்றிலும் மெதுவானவன் திமிலன். தோளுக்கு மேலே காளையின் திமில்போல ஒரு சதைமேடு, கையில் ஒரு கல்லுருளை. அவன் ஓர் எட்டு வைப்பதற்குள் எதிராளி நாலு அடி கொடுத்துவிடுவான். ஓங்கிய கையை நடுவில் நிறுத்த அவனால் முடியாது, திருப்பவும் முடியாது. அடி தவறினால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். ஓடுகிறவனைத் துரத்தத் தெரியாது. மூலையில் மாட்டினால் அதோடு சரி. இவ்வளவுக்கும் ஈடாக அவனிடம் இருப்பது இரண்டே விஷயங்கள். சின்ன அடிகள் எத்தனை விழுந்தாலும் ஓங்கிய கை நிற்காது, வாங்கிக்கொண்டே வரும். வந்து சேர்ந்துவிட்டால் எதிராளியின் கதை பாதி முடிந்தது.

உலகம்மை திமிலனைத்தான் எடுத்தாள். அப்போது அவர்களுக்குக் கல்யாணமான புதிது.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா?" என்றான் பெருமாள். "அந்த ஆட்டுரலைக் கட்டிக்கிட்டு எவன்கிட்ட ஜெயிக்கப் போற?"

"வேகமா ஆடுதவன் வந்தத பாத்தாப் போதும், அத்தான். மெதுவா ஆடுதவ வரப்போறத பாக்கணும். எனக்கு அது புடிச்சிருக்கு."

"நாஞ் சிட்டு எடுக்கேன்."

"நீங்க வேற எத எடுப்பிய? சோத்துக்கு உக்காந்து ஒரு நிமிசம் முழுசா இருந்ததுண்டா?"

சிட்டு குச்சிபோன்ற உடம்புக்காரன். இரண்டு கையிலும் முழக்கழி. ஒரு அடிக்கு ஒரு துளிதான் நோகும், ஆனால் நூறு அடி அடிப்பான். நின்றால் செத்தான்.

சிட்டும் திமிலனும் அண்ணாச்சியின் அணிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தார்கள். அரங்கு வாசலில் இருவரின் படத்தையும் பெரிதாக வரைந்து வைத்தார் அண்ணாச்சி. முதல் சீசனில் பட்டையைக் கழற்றிய கொஞ்ச நேரத்தில் பழைய நடை திரும்பிவிடும். பிறகு தூங்கி எழுந்தால்தான் திரும்பியது. பிறகு அதுவும் முழுசாகத் திரும்பவில்லை.

பெருமாளுக்கு எதிலும் இருப்புக் கொள்ளாமல் போயிற்று. ஓடும் மின்விசிறியின் இறக்கைகளை அவன் தனித்தனியாகப் பார்த்தான். மனிதர்கள் பேசுவது தேனை ஊற்றுவதுபோல இழுத்துக்கொண்டு போயிற்று. நின்றுகொண்டே சாப்பிட்டான், நடந்துகொண்டே பல் தேய்த்தான். ஒரு வாக்கியம் தொடங்கும்போதே அது எங்கே முடியும் என்று தெரிந்துவிடுவதால், முடியும்வரை காத்திருப்பது அவனுக்குத் தண்டனையாக இருந்தது. உலகம்மையோ ஈயை விரட்டக் கையைத் தூக்குவதற்குள் ஈ போய்விடும். கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் மற்றவர்களுக்கு ஒரு பெருமூச்சு. பெருமாளுக்கு அது ஒரு முழு மத்தியானம்.

அப்படி ஒரு வருஷம், அண்ணாச்சி புது ஒப்பந்தத்தைப் போனில் அனுப்பியிருந்த அன்று, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றான்.

"எனக்கு ஒரு மாதிரி பயமா இருக்கு, உலகு. ரெண்டு பேரும் ஆட்டத்த விட்டுருவோமா?"

அவள் ஈரத்துணியைக் கையில் வைத்தபடி அவனைப் பார்த்தாள். அவன் கொடிக்கயிற்றின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தான், திரும்பி வந்தான். அவள் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தாள். இதென்ன பேச்சு என்று அவள் நினைப்பதாக அவனுக்குப் பட்டது.

"அத வுடு. அண்ணாச்சி காத்துக்கிட்டு இருக்காரு. ரெண்டு பேருக்கும் சேத்துக் கையெழுத்துப் போட்டுரட்டுமா?"

"சரி," என்றாள் உலகம்மை.

அவன் அங்கேயே போனில் கையெழுத்தைப் போட்டு அவளிடம் காட்டினான். அவள் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, பாதித் துணியை வாளியிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். சரி என்று சொல்லிவிட்டு இப்போது எதற்கு முகத்தைத் தூக்குகிறாள் என்று பெருமாளுக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் பேச்சு குறைந்தது. ஒருநாள் படுக்கும்போது, "எம்மேல கோவமா?" என்று கேட்டான். புரண்டு படுத்தான், எழுந்து உட்கார்ந்தான். "வெளக்க அணைக்கட்டா?" என்றான். "இல்ல," என்றாள். விடியும்வரை விளக்கு எரிந்தது. கண்மேல் கையைப் போட்டுக்கொண்டு கிடந்தவன், இவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்று முடிவு செய்தான்.

அந்த சீசனில்தான் இருவரும் ஃபைனலுக்கு வந்தார்கள், ஒருவருக்கொருவர் எதிராக. "புருசனும் பொண்டாட்டியும்! வீட்டுல நடக்கது மேடையில நடக்கப் போகுது. ஒரு சீட்டு மிஞ்சாதுடே," என்று அண்ணாச்சி கையைத் தேய்த்தார்.

பட்டையைக் கட்டிச் சரிபார்க்கும் மைதீன் பாய் மட்டும் சிரிக்கவில்லை. பெருமாளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, ஒன் நரம்பு ஒரு பக்கம் ஓடுது. அந்தப் பிள்ள நரம்பு ஒரு பக்கம் தேங்குது. இந்த சீசனோட ரெண்டும் உறைஞ்சிரும். அப்புறம் நான் என்ன திருகினாலும் திரும்பாது."

"வழி இல்லியா, பாய்?"

"இருக்கு. ஒருத்தர் அடுத்த சீசன் பூரா மத்தவரோட கேரக்டர ஆடணும். ஒரே நடைக்கு வந்துருவிய. வேகமா வாரதும் மெதுவா வாரதும் ஒங்க பாடு."

"ரெண்டு பேருமே விட்டுட்டா?"

"விட்டா இதுக்கு மேல கூடவும் செய்யாது. குறையவும் செய்யாது. ஒங்களுக்குள்ள இப்ப இருக்கிற தூரம் அப்படியே கெடக்கும்."

அவளைப்போல ஆவதை நினைத்தபோது பெருமாளுக்குக் கிணற்றுக்குள் இறங்குவதுபோல இருந்தது. அவள் தன்னைப்போல ஆகட்டும் என்று நினைக்கவும் கூச்சமாக இருந்தது. வீட்டுக்குப் போனான். உலகம்மை கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கேன். இன்னமும் நான் ஒனக்கு வேணும்னு நெனைக்கியா?"

அவள் அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தாள். ஒரு துண்டு கத்தரிக்காய் தண்ணீரில் விழுந்து, மூழ்கி, மெல்ல மேலே வந்தது. அவன் அது மேலே வருவதைப் பார்த்தான். வாசல்வரை போய்த் திரும்பினான். இதற்குக்கூட யோசிக்க வேண்டுமா என்று நினைத்தான்.

"அப்ப இப்படி வச்சுக்கிடுவோம். ஃபைனல்ல யாரு தோக்காங்களோ அவங்க அடுத்த சீசன் கேரக்டர மாத்திக்கிடணும். பந்தயம். ஒத்துக்கிடுதியா?"

"ஆமா," என்றாள்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். பின்னால் அவள் ஏதோ சொன்னதுபோல இருந்தது. அதற்குள் அவன் தெருமுனைக்குப் போயிருந்தான்.

மறுநாளே இருவரையும் அண்ணாச்சி பிரித்து வைத்தார். ஃபைனல் முடியும்வரை பார்க்கக் கூடாது, போனில் பேசக் கூடாது. ஆட்டத்துக்கு முன்னால் பேசிவைத்துக்கொண்டார்கள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதாம். உலகம்மைக்கு அரங்கின் மாடியில் ஒரு அறை. பெருமாள் அரங்குக்கு அடுத்த வளவில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனான்.

தோற்கக் கூடாது என்ற எண்ணம் அவனைத் தின்றது. திமிலனை உள்ளே இருந்து பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரியும் என மைதீன் பாயிடம் போய் நின்றான். "திமிலன் பட்டைய எனக்கு ஒரு தடவ கட்டுங்க. அவ இருக்கிற அளவுக்கு எறக்கணும்."

"ஒன் வேகத்தையும் சேத்து எறக்கணும். சாயந்திரம் வரைக்கும் தெளியாது. ரோட்டக் கடக்காத."

கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்து அண்ணன் வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்தான். உலகம் பறந்தது. அண்ணன் மனைவி பிரமு மைனி அடுப்படியிலிருந்து வந்தாளா, இல்லை முதலிலிருந்தே அங்கே நின்றாளா என்று தெரியவில்லை. அவள் சேலை மட்டும் நிறமாக இழுபட்டது.

"காப்பி குடிக்கியா தம்பி?"

ஆமா என்று சொல்லத் தொடங்கினான். அந்தச் சொல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. பாதி வழியிலேயே மைனி அடுத்ததைக் கேட்டுவிட்டாள். "உலகுக்கும் ஒனக்கும் சண்டைன்னு ஊரே பேசுது. நெசமா?"

"ஆமா," என்றது அவன் வாய்.

மைனி இடுப்பில் கையை வைத்தாள். "அப்ப நெசந்தானா."

இல்லை, அதற்கில்லை என்று சொல்லக் கிளம்பினான். அதற்குள், "எதா இருந்தாலும் நீயே எறங்கிப் போயி பேசப் புடாதா?" என்றாள்.

"இல்ல."

"ஓஹோ. அவ்வளவு வீம்பு." மைனி முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். காப்பி வரவே இல்லை.

பெருமாள் அப்படியே உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவும் முடியவில்லை. வருஷக்கணக்கில் முதல் தடவையாக ஓர் இடத்தில் இருந்தான். கதவு வழியாகப் பார்த்தால் மைனி அடுப்படியில் கோடுகோடாக ஓடிக்கொண்டிருந்தாள். எந்த அசைவும் தனியாகக் கண்ணில் நிற்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் வேறொன்று தெரிய ஆரம்பித்தது. பாத்திரத்தை வைத்தால் குழாயை இறுக்குகிறாள். குழாயை இறுக்கினால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்கிறாள். அடுத்து அவள் கை எங்கே போகும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்தது. உலகம்மை களத்தில் தன்னைப் பார்ப்பது இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான். நான் எங்கே இருக்கிறேன் என்று அவள் பார்ப்பதில்லை. எங்கே போவேன் என்று பார்க்கிறாள்.

வெளிச்சம் சன்னலில் ஏறி இறங்கியது. எரிந்துகொண்டே இருந்த அந்த விளக்கு ஞாபகம் வந்தது. வெளக்க அணைக்கட்டா என்றதற்கு அவள் இல்லை என்றாள். அதற்கு முன்னால் நான் என்ன கேட்டேன்?

எம்மேல கோவமா என்று கேட்டிருந்தான்.

மைனி விளக்கு வைக்க வந்தபோது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "காப்பி இல்லாததுக்கா அழுத?" என்றாள் அவள்.

ஃபைனலுக்குக் கிடங்கு நிரம்பி வழிந்தது. முதல் சுற்றில் பெருமாளின் கையும் காலும் அவனைக் கேட்காமலே வேலை செய்தன. சிட்டு திமிலனைச் சுற்றிச்சுற்றி வந்து கொத்திக்கொத்தியே முடித்தான். இரண்டாம் சுற்றில் முதுகுப் பக்கம் தாவியபோது கல்லுருளை அங்கே முன்பே வந்து காத்திருந்தது. அடுத்து ஒரு பிடி. அதோடு முடிந்தது. கூட்டம் பெஞ்சுகளின்மேல் ஏறிவிட்டது.

மூன்றாம் சுற்றில் சிட்டு திமிலனின் கைக்கு எட்டும் தூரத்தில் போய் நின்றான். நின்றவன் அசையவில்லை.

அது எவ்வளவு கடினம் என்பது சிட்டு ஆடியவர்களுக்குத்தான் தெரியும். மூச்சை அடக்கி நீருக்குள் கிடப்பதுபோல. கால் விரல்கள் தாமாகத் துள்ளின. அவன் அவற்றை அழுத்திப் பிடித்தான்.

"ஏல, கரண்டு போயிட்டா?" என்று ஒருவன் கத்தினான்.

திமிலன் உருளையை ஓங்கியிருந்தான். அது சிட்டை நோக்கி வரவில்லை. சிட்டு வழக்கமாகத் தாவுகிற, திமிலனின் முதுகுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் போய் இறங்கியது. தரை அதிர்ந்தது. திமிலன் முதுகைக் காட்டி நின்றான்.

"அடில, இப்ப அடி," என்று காதுக்கருவிக்குள் அண்ணாச்சி அலறினார். "தெறந்து கெடக்கா."

ஆடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுக்கக் களத்துக்குள்ளே ஒரு மைக் வழி உண்டு. பெருமாள் அதைத் திறந்தான்.

"உலகு. ஆட்டத்த விட்டுருவோமா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தான். அடுத்த கேள்வி நாக்குநுனியில் வந்து முட்டியது. அதை விழுங்கினான். இன்னொன்று வந்தது. அதையும் விழுங்கினான். கூட்டத்தில் ஒரு பெண் சிரிக்க வாயைத் திறந்ததிலிருந்து மூடும்வரை பார்த்தான். திமிலன் மெல்ல நிமிர்ந்தான், மெல்லத் திரும்பினான். அவன் இடதுகை உயர ஆரம்பித்தது. அந்தக் கையை அவள் எப்போது தொடங்கினாள், கேள்விக்கு முன்னாலா பின்னாலா, என்று பெருமாளுக்குத் தெரியவில்லை. தாவினால் தப்பிக்கலாம். அதற்கு வேண்டிய நேரத்தைப்போலப் பத்து மடங்கு அவனிடம் இருந்தது. தாவினால் பதில் வரும்போது அவன் இங்கே இருக்க மாட்டான்.

"அத்தான், வெலகுங்க," என்றது அவள் குரல். "கைய ஓங்கிட்டேன். நிறுத்த முடியல."

அவன் விலகவில்லை. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

"போன வருசமே சரின்னு சொன்னேன்லா," என்றாள் உலகம்மை. "நீங்கதான் கையெழுத்தப் போட்டு எங்கிட்டயே காட்டினிய."

சொல்லி முடித்தபோது திமிலனின் கை வந்து சேர்ந்தது. விழுந்த சிட்டு எழுந்திருக்கவில்லை.

நடுவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது இருவரும் கிடங்கின் பின்பக்கம், முன்பு லாரிகளில் உப்பு ஏற்றிய மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். பட்டைகளைக் கழற்றி நடுவில் வைத்திருந்தார்கள். கீழே கடல் தளும்பிக்கொண்டிருந்தது.

"ஆட்டத்த விட்டாச்சு. ஆனா பந்தயம் ஒண்ணு இருக்கே," என்றான் பெருமாள். "தோத்தவன் மாறணும். மைதீன் பாய்கிட்டச் சொல்லித் திமிலன் பட்டைய நான் தனியா கட்டிக்கிடுதேன்." கிணறு ஞாபகம் வந்தது. இறங்கிவிடலாம் என்றே இருந்தது. அவள் என்ன சொல்வாள் என்று காத்திருந்தான்.

ஒரு அலை வந்து மேடையின் காலைத் தொட்டுவிட்டுப் போயிற்று.

"என்ன பந்தயம்?" என்றாள் உலகம்மை.

"கத்தரிக்கா நறுக்கும்போது கேட்டேன்லா. ஒத்துக்கிடுதியான்னேன். ஆமான்னியே."

இன்னொரு அலை வந்தது. அவன் அது முழுதாகத் திரும்பிப் போகும்வரை பார்த்தான்.

"பந்தயத்துக்கு மாட்டேன்னுதான் சொன்னேன். கத்துனேன். நீங்க எறங்கிப் போயிட்டிய." அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள். "ஆமான்னது அதுக்கு இல்ல. அதுக்கு முன்னால ஒண்ணு கேட்டியல்லா, அதுக்கு."

பெருமாள் தான் முன்னால் கேட்டது என்ன என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தான். தண்ணீரில் மூழ்கி மேலே வந்த அந்தத் துண்டு கத்தரிக்காய்வரை, நான் ஒனக்கு வேணுமா என்று கேட்ட இடம்வரை போனான். பிறகு அவன் வேறெதுவும் கேட்கவில்லை. அவனுடைய கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

வேண்டுமென்றே தோற்றான் என்று சொல்லி மோதுகளச் சங்கம் பெருமாளை ஆயுளுக்கும் தடை செய்தது. உலகம்மைக்குக் கொடுத்த கோப்பையையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கேமின் அடுத்த பதிப்பில், ஆட ஆள் இல்லை என்று திமிலனை நீக்கிவிட்டார்கள். ஜோவாக்கிம் அண்ணாச்சி சில மாதம் கோபமாக இருந்தார், பிறகு கிடங்கைக் கல்யாண மண்டபமாக்கினார். வாசல் படங்களின்மேல் சுண்ணாம்பு அடித்தார். மழைக்காலத்தில் திமில் மட்டும் லேசாகத் தெரியும். மைதீன் பாய் பட்டைத் தொழிலை விட்டுவிட்டுக் காயல்பட்டினத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். பிரமு மைனி யார் வந்தாலும் மூன்று கேள்வியைச் சேர்த்தே கேட்கிறாள். பெருமாள் இறால் கம்பெனியில் தரம் பிரிக்கிறான், அங்கே அவன் வேகத்துக்கு ஈடு கிடையாது. உலகம்மை துறைமுகத்தில் கடலின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கிற வேலையில் இருக்கிறாள். பாய் சொன்னபடியே இருவருக்கும் இடையில் இருந்த தூரம் அப்படியே இருக்கிறது. தினமும் காலையில் பெருமாள், காப்பியா டீயா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போகிறான். பால் பொங்கி வரும்போது பதில் வந்துவிடுகிறது.